பன்னிரண்டு வருடப் பீப்பாயும் ஒரு புகார் மனுவும்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதி என்ன ஆகப்போகிறது? பன்னிரண்டு வருடம் ஒரு பீப்பாய்க்குள் பொறுமையாக உட்கார்ந்திருந்த சரக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் அரை மணி நேரத்தில் மூடி மூடியாகக் காலியாகிவிட்டது. அதன் அருமை தெரிந்து பக்கத்தில் நின்ற ஒரே ஆள் நான். எனக்கு யாரும் ஒரு மூடி நீட்டவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது போலிருக்கிறது. பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் பாஸான தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

என் கூட்டாளி ஒருவன் கப்பலில் வேலை பார்க்கிறான். சாமான் ஏற்றுகிற கப்பல் இல்லை, அமெரிக்கக்காரர்கள் சும்மா சுற்றுவதற்கென்றே ஏறுகிற கப்பல். அதில் பாரில் நின்று ஊற்றிக் கொடுக்கிற வேலை. அவன் அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தை ஒட்டி செட்டியார்பட்டியில் வீடு, கரிசலில் கொஞ்சம் மக்காச்சோளம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் இல்லை. சின்ன வயதில் அவர் கையால் வாங்கிய அடிக்கு ஏதாவது ஓர் உறவு வேண்டாமா?

மகனைப் பட்டாளத்தில் சேர்த்தே தீருவது என்று தினமும் விடியற்காலையில் எழுப்பி ஓடவிட்டார். துணைக்கு என்னையும் ஓடவிட்டார். நான் என்ன பாவம் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆள் எடுப்பு நடந்த அன்று, மைதானத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இவன் கேட்டரிங் படிப்புக்கு மனு கொடுக்கப் போய்விட்டான். அன்றைக்கு நின்ற பேச்சு, ஆறு வருடம் ஆகிறது. லீவில் வந்தால் கூமாப்பட்டியில் அக்கா வீட்டில் தங்குவான். அத்தை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மாமா போகமாட்டார்.

"பட்டாளத்துக்குப் போடான்னா, சாராயத்த ஊத்திக் குடுக்கப் போயிட்டான்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் கையில் மிலிட்டரி கேன்டீன் ரம் இருக்கும். அதை ஒருமுறை சுட்டிக்காட்டப்போய் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

போன மாதம், அவனோடு கப்பலில் சமையல்கட்டில் இருக்கும் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் லீவில் வந்தார். துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை என்னிடம் கொடுத்தார். கூடவே என் போனுக்குக் கூட்டாளியிடமிருந்து பதினொரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. பாட்டிலை எப்படிப் பிடிப்பது என்பதற்கே ஒன்று.

அதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். இதற்குப் பேர் போர்பன். அமெரிக்க விஸ்கி. பாதிக்கு மேல் மக்காச்சோளம். புதிய ஓக் மரப் பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் கரித்து, அதற்குள் ஊற்றி வருடக்கணக்கில் போட்டுவிடுவார்கள். அந்தக் கருகிய மரத்திலிருந்துதான் நிறமும் வாசமும் இறங்குமாம். சாதாரணமாகப் பல பீப்பாய்களைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவந்து பாட்டிலில் அடைப்பார்கள். இது அப்படி இல்லை. ஒரே பீப்பாய். அது தீர்ந்தால் அந்த ருசி உலகத்திலேயே தீர்ந்தது. கப்பல்காரர்கள் தங்களுக்கென்று ஒரு பீப்பாய் வாங்கப் போனபோது, மூன்றில் எதை எடுக்கலாம் என்று பாரில் நிற்கிறவர்களையும் ருசி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவன் கைகாட்டியதைத்தான் எடுத்தார்களாம். பீப்பாயின் நம்பர் லேபிளில் பேனாவால் எழுதியிருந்தது.

எங்கள் பக்கம் மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. கோழிகளுக்கு இந்த விவரம் தெரியாமல் இருப்பதே நல்லது.

கடைசி மெசேஜில்தான் காரியமே இருந்தது. "மாப்ள, அப்பா ஒரு வாய் குடிக்கணும். அம்புட்டுதான். குடிச்சுட்டு என்ன சொன்னாவன்னு அப்பிடியே எழுதி அனுப்பு. போன்ல சொல்லாத. போன்ல நீ பாதிக்குமேல கத விடுவ."

ஆறு வருடச் சண்டையை ஒரு வாயில் தீர்க்கப் பார்க்கிறான். நேரில் வந்து காலில் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். அதைச் சொன்னால் எனக்குத்தான் விவரம் போதாது என்பான்.

நான் போனபோது மாமா சோளத்துக்கு மருந்தடிக்கிற டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னலே அது?"

"மக்காச்சோளம், மாமா."

"பாட்டில்லயா?"

"அமெரிக்காவுல அப்பிடித்தான் விக்காங்க."

"யாரு குடுத்தது?"

சொன்னேன். டேங்கைக் கவிழ்த்துத் தண்ணீரை என் காலடியில் ஊற்றினார்.

"கொண்டுட்டுப் போ."

"ஒரு வாய், மாமா. அவனே மூணுல ஒண்ணாப் பொறுக்கி எடுத்தது. பன்னெண்டு வருசம் பீப்பாய்க்குள்ள கெடந்துருக்கு."

"நான் இருபத்திநாலு வருசம் பட்டாளத்துல கெடந்துருக்கேன். என்னைய எவன் துண்டுல சுத்திக் கொண்டுவந்தான்? போலே."

அத்தை அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நீ அவியகிட்டக் கேட்டது தப்பு. இந்த வீட்டுல ஒரு காரியம் நடக்கணும்னா கேக்கக் கூடாது" என்றார்.

அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா சோளக் காட்டுக்குப் போன பிறகு அவர் ரம் பாட்டிலை இறக்கினேன். அந்தப் பாட்டில் ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். தினமும் சாயங்காலம் ஓர் அளவு ஊற்றிக்கொண்டு, மிச்சம் எதுவரை நிற்கிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதிவைப்பார். திருடுகிறவன் யார்? நான்தான். வேறு யார் வரப்போகிறார்கள்? அன்றைக்கு இரண்டே கோடுகள்தான் விழுந்திருந்தன. ரம்மை ஒரு சொம்பில் ஊற்றிவைத்துவிட்டு, புனல் வைத்து போர்பனை அந்தப் பாட்டிலில் கோட்டுக்குச் சரியாக நிரப்பினேன். சொம்பு ரம்மை அமெரிக்கப் பாட்டிலில் ஊற்றிப் பரணில் ஏற்றினேன். ரம் கருத்திருக்கும், இது நல்ல தேன் நிறம். இருக்கட்டும். மாமாவுக்குக் கண்ணில் புரை. குடிப்பதோ எவர்சில்வர் தம்ளரில், அதுவும் வெந்நீர் கலந்து. ருசித்துவிட்டால் கடைசியில் மூடியையும் ஒரு நக்கு நக்குவார்.

கோட்டுக்கு மேல் மிஞ்சிய இரண்டு மூடி எனக்கு. கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூடியை என் வழக்கப்படி மடக்கென்று ஊற்றிக்கொண்டேன். பெயின்ட் கடை தின்னர் மாதிரி மூக்கில் ஏறியது. இதற்கா பதினொரு மெசேஜ்? இரண்டாவதை அவன் சொன்னபடி செய்தேன். தம்ளரில் ஊற்றிச் செத்த நேரம் சும்மா விட்டேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பார்த்தேன். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பழகவிட்டு, பிறகு கொஞ்சமாக எடுத்து வாயெல்லாம் சுற்றவிட்டேன். முதலில் இனிப்பு, பிறகு பட்டை மாதிரி ஒரு காரம். விழுங்கிய பின்னும் போகாமல் தொண்டையில் கதகதவென்று ஏதோ உட்கார்ந்திருந்தது. சரிதான், அந்தப் பயல் பொய் சொல்லவில்லை என்று நினைத்தபோது தம்ளர் காலி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமாவிடமிருந்து போன்.

"ஏலே, வண்டிய எடுத்துட்டு வா. கேன்டீனுக்குப் போவணும்."

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மாமாவின் சோள மூட்டைக்கும் அவருக்கும் அதுதான் வண்டி. போய்ப் பார்த்தால் மனிதர் இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறார். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ரம் பாட்டில். கையில் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு மனு.

அத்தை ஜன்னல் வழியாக எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஒரே மடக்குதாம்லே. துப்பிட்டாவ. 'இது எங்க ரம்மு இல்ல, எவனோ கலப்படம் பண்ணிருக்கான்'னு நேத்துப் புடிச்சு ஒக்காந்து எழுதிருக்காவ."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் நன்றாயிருக்கிறதே என்று இன்னொரு தம்ளர் ஊற்றியிருப்பான். இல்லை, பிடிக்கவில்லை என்று பேசாமல் இருந்திருப்பான். மனு எழுதுகிறவனை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், நான் வண்டி ஓட்டுகிறேன். ஓடுகிற வண்டியில் அடி வாங்குவது இரண்டு பேருக்கும் ஆபத்து.

"மாமா, விடுங்க மாமா. ஒரு பாட்டிலுக்காவ இம்புட்டு தூரமா?"

"ஒரு பாட்டில் இல்லலே. இன்னைக்கி எனக்கு, நாளைக்கி வேறொருத்தன். பட்டாளத்துக்காரன் வாயில இதயா ஊத்துவாங்க?"

"ஒங்க நாக்குல ஏதாச்சும் கோளாறு இருக்கும், மாமா. மருந்தடிச்சீகல்லா?"

"என் நாக்கா? முப்பது வருசமா ஒரே ரம்மு. எந்த வருசத்துச் சரக்குன்னு சொல்லுவேன். ரோட்டப் பாருலே."

ஸ்ரீவில்லிபுத்தூர் கேன்டீன் வாசலில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. டோக்கன் வாங்கிய முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாமா நேரே ஜன்னலுக்குப் போய் மனுவை நீட்டினார். உள்ளே இருந்த மேனேஜர் இரண்டு தரம் படித்தார்.

"சீல் ஒடச்ச பாட்டில மாத்த முடியாதுங்க. மனுவ வேணா மேல அனுப்புதேன்."

"அனுப்புங்க. எனக்கு மாத்த வேணாம். விசாரண வேணும்."

பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் கையை நீட்டினார். சுபேதாராக இருந்தவராம், மாமாவுக்கு மேல் பதவி. ஓய்வு பெற்று எத்தனை வருடமானால் என்ன, மாமா விறைத்துக்கொண்டு நேராக நின்றார்.

"கொண்டாங்க பாப்பம்."

"வேணாம் சாப். ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"எனக்கு எம்பத்திரெண்டு. இனி என்ன ஆவும்?" என்றவர் மூடியில் ஊற்றி மோந்து பார்த்தார். அவசரமே இல்லை. பிறகு வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கொட்டகையே அவர் முகத்தைப் பார்த்தது.

"கலப்படம்னா எரியும். இது எரியல. எறங்குது" என்றார்.

அவ்வளவுதான். மூடி கைமாறியது. அடுத்தவர் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் படைப்பிரிவில் இருந்தவர். மூக்கை உள்ளே விடாத குறையாக மோந்து, "சேண வாசம் வருது. எண்ண போட்டுத் தொடச்ச தோலு. நான் பதினஞ்சு வருசம் தொடச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார். அதற்கடுத்தவர் மடியில் பால்கோவா பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் இல்லவே. அடிப்புடிச்ச பால்கோவா. சட்டி ஓரத்துல சொரண்டுவோம்லா, அந்தக் கருக்கு" என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்து, முடிவு தெரிவதற்காக ஆளுக்கு இன்னொரு மூடி ஊற்றிக்கொண்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. கூட்டாளியின் ஏழாவது மெசேஜில் தோல் வாசம் வரும் என்று சொல்லியிருந்தான். எட்டாவதில் கருகிய சர்க்கரை, பால் இனிப்பு என்று. கப்பலில் தனியாக ஆள் வைத்து அவனுக்குக் கற்றுக்கொடுத்ததை, இவர்கள் டோக்கனுக்குக் காத்திருந்த நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பாட்டிலில் சரக்கு நேற்றைய கோட்டைத் தாண்டி, லேபிளைத் தாண்டி, அடிப்பாகத்துக்கு வந்துகொண்டிருந்தது. யாருக்காக அது அத்தனை கடல் தாண்டி வந்ததோ அந்த மனிதர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, விசாரணை வேண்டும் என்று ஓரமாக நின்றார். இரண்டு பேர் ஜன்னலுக்கே போய், இதே பெட்டியில் வந்த பாட்டில்தான் தங்களுக்கும் வேண்டும் என்று மேனேஜரோடு மல்லுக்கு நின்றார்கள்.

அப்போதுதான் ஒருவர் எதிர்க் கடையிலிருந்து ஆரஞ்சு கலர் சோடா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். "இதையும் கொஞ்சம் சேத்தா எதமா இருக்கும்" என்று மூடிக்கு மேலே சாய்த்தார்.

"அய்யா, அதுல கலர ஊத்தாதீக! பன்னெண்டு வருசம்யா அது!"

கத்தியது நான்தான். கொட்டகை முழுக்கத் திரும்பியது. மாமாவும்.

"என்னலே பன்னெண்டு வருசம்?"

இனி மறைத்து ஆகப்போவதில்லை. ரம் பரணில் இருப்பது, புனல் வைத்து ஊற்றியது, மூன்று பீப்பாயில் அவன் இதைக் கைகாட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கு வசதியாக இரண்டடி தள்ளி நின்றுதான் சொன்னேன். மாமா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. ஜன்னலையும் மனுவையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து மேனேஜர், "அப்ப இந்த மனுவ அனுப்பவா, வேணாமா?" என்றார்.

"யாரு அனுப்புன சரக்குப்பா இது?" என்றார் சுபேதார்.

மாமா மறுபடியும் விறைத்து நின்றார். "எம் மவன், சாப். கப்பல்ல இருக்கான்."

"கப்பல்னா, நேவியா?"

எல்லாரும் பட்டாளத்துக்காரர்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நானே தலையை ஆட்டியிருப்பேன். மாமா ஆட்டவில்லை.

"இல்ல சாப். பார்ல நிக்கான். மூணு பீப்பாயக் குடுத்து ருசி பாக்கச் சொன்னாங்களாம். இதத்தான் எடுக்கணும்னு அவன் சொல்லிருக்கான். அதத்தான் எடுத்துருக்காங்க."

"நாக்கு யாரோடது? ஒங்களுதா?"

"பொறவு?" என்றார் மாமா.

ஜன்னலில் கையை விட்டு மனுவைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்தார். பால்கோவாக்காரர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். தேறினால் ஒன்றரை மூடி தேறும்.

"எப்பிடிக் குடிக்கணும்னான்?"

போனை எடுத்து அவன் மெசேஜையே போட்டுவிட்டேன். ஆறு வருடம் கழித்து மகன் குரல், என் போனின் கீறல் விழுந்த ஸ்பீக்கரில்: "மொதல்ல சும்மா விடு மாப்ள, அவசரப்படாத. வெந்நி ஊத்தக் கூடாது, சொல்லிட்டேன். மூக்க உள்ள விடாத, வாயத் தொறந்துக்கிட்டு மோந்து பாரு..." மாமா மிச்சத்தை மூடியில் ஊற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் அணிவகுப்பில் சொல்வதைக் கேட்டுச் செய்கிற மாதிரி செய்தார். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். சுற்றவிடச் சொன்னபோது கன்னம் இரண்டு பக்கமும் அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

கண்ணைத் திறந்து, பாட்டிலை மூடி, செய்தித்தாளில் சுற்றினார்.

"வண்டிய எடு."

இவ்வளவுதான். இதற்காகத்தான் நான் திருடி, பொய் சொல்லி, ஊர் பார்க்க அவமானப்பட்டது. அந்தப் பயல் கேட்டதோ அப்பா சொன்ன வார்த்தை. வழியெல்லாம் நச்சரித்தேன்.

"எப்பிடி இருந்துச்சு, மாமா?"

"ரோட்டப் பாரு."

"அவனுக்கு எழுதணும், மாமா. ஒரு வார்த்த சொல்லுங்க. நல்லாருக்கு, நல்லாயில்ல, ஏதாச்சும்."

"லாரி வருது பாரு."

"தோல் வாசமா, பால்கோவா வாசமா?"

செட்டியார்பட்டியில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "அடுத்த லீவு எப்பம்னு கேளு. கூமாப்பட்டிக்குப் போவ வேணாம்னு சொல்லு." சொல்லிவிட்டு, காலிப் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போர்பனைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, வந்த வாடகையையும் விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தட்டினேன். கோடு, புனல், மனு, சுபேதார், கழுதைச் சேணம், நேவி, கடைசியாக வாசலில் சொன்னது, ஒன்று விடவில்லை. கதையும் விடவில்லை. அனுப்பிய பிறகு கட்டைவிரல் இரண்டும் வலித்தது. நீல டிக் விழுந்து வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பயல் அழுகிறான் போலிருக்கிறது, நாமும் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்திருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பதில் வந்தது:

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள, குடிச்சு முடிச்சதும் அந்த மூடிய நக்குனாவளா இல்லையா, அதச் சொல்லு."